துப்பாக்கிக்குக் கீழே தொங்கும் குட்டி பீரங்கி

ஹாஸ்டல் ரூமில் 'கால் ஆஃப் டியூட்டி 4' விளையாடியவர்களுக்கு "நூப் டியூப்" என்ற வசவு நன்றாகவே தெரியும். 2007-இல் வந்த விளையாட்டு அது. குறி பார்க்கவே தெரியாத ஒருத்தன் துப்பாக்கிக்கு அடியில் மாட்டியிருக்கும் தடித்த குழாயிலிருந்து ஒரு குண்டை 'டொப்'பென்று விடுவான். மூலையில் பதுங்கியிருந்த நாலு பேரும் காலி. அப்புறம் அந்த ரூமில் எழும் சத்தம் இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது :-)

அந்த விளையாட்டில் ஒரு சின்ன விஷயத்தைச் சிலர் கவனித்திருப்பார்கள். எதிரி ரொம்பப் பக்கத்தில் இருந்தால் குண்டு வெடிக்காது. சுவரில் மோதி, கல் மாதிரி கீழே விழும். 'இது என்னடா பக்' என்று திட்டியவர்கள் உண்டு. பக் இல்லை. நிஜக் குண்டும் அப்படித்தான். விளையாட்டில் அப்படி விழுந்த குண்டு சில நொடிகளில் மறைந்துவிடும். நிஜத்தில் வெடிக்காமல் விழுந்த குண்டு மறைவதில்லை. ஐம்பது வருடம் ஆனாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

இணையத்தில் ஆயுதப் பிரியர்கள் இந்தக் குழாயைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். அமெரிக்க எம்203 நல்லதா, ரஷ்ய ஜி.பி.-25 நல்லதா, புதிதாக வந்த எம்320 தேவலையா என்று பக்கம் பக்கமாக வாதம். எல்லாம் சரிதான். ஆனால் குழாய் என்பது கடைசியில் ஒரு குழாய்தான். வித்தை, விலை, பாவம் எல்லாமே அதற்குள் போடும் கால் கிலோ குண்டில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

முதலில், இப்படி ஒரு சாமான் ஏன் தேவைப்பட்டது? கையால் எறியும் குண்டு 30, 40 மீட்டர் போகும். அதுவும் நல்ல தோள்பலம் உள்ளவன் எழுந்து நின்று எறிந்தால். தலைக்கு மேல் தோட்டா பறக்கும்போது எவன் எழுந்து நிற்பான்? அதற்கு அப்பால் அடிக்க வேண்டுமானால் மோர்ட்டார் வேண்டும். அதற்குத் தனியாக ஆட்கள், தனிச் சுமை, எங்கே போட வேண்டும் என்று சொல்ல வயர்லெஸ். சொந்த ஆட்கள் இலக்குக்குப் பக்கத்தில் இருந்தால் அதைச் சுடவும் பயம். இரண்டுக்கும் நடுவே, சுமார் ஐம்பது மீட்டரிலிருந்து முந்நூறு மீட்டர் வரை, ஒரு காலாட்படை அணியின் கையில் உருப்படியாக ஒன்றுமில்லை. துப்பாக்கி இருக்கிறதே என்றால், தோட்டா நேராகப் போகிற சாதி. மண்மேட்டுக்குப் பின்னால் குந்தியிருப்பவனை அது ஒன்றும் செய்யாது. வளைந்து போய் மேலிருந்து விழுகிற மாதிரி ஒன்று வேண்டும்.

முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் இந்தத் தேவை கழுத்தைப் பிடித்தது. பிரிட்டிஷ்காரர்கள் குண்டின் வாலில் ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தி, அதைத் துப்பாக்கிக் குழலுக்குள் செருகி, வெற்றுத் தோட்டாவால் சுட்டார்கள். குண்டு போனது; கூடவே துப்பாக்கிக் குழலும் சீக்கிரமே கெட்டுப் போனது. வெற்றுத் தோட்டாவுக்குப் பதிலாக அவசரத்தில் நிஜத் தோட்டாவைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் புத்திசாலிகள். 1916-இல் வந்த அவர்களுடைய விவான்-பெசியேர் குண்டின் நடுவில் ஒரு துளை இருந்தது. சாதாரணத் தோட்டாவைச் சுட்டால் அது அந்தத் துளை வழியாகப் போய்விடும். போகிற போக்கில் திரியைப் பற்றவைத்துவிடும். பின்னால் வரும் வாயு குண்டைத் தூக்கி எறியும். அழகான யோசனை, சும்மா சொல்லக்கூடாது.

இரண்டாம் உலகப்போரிலும் ஏறக்குறைய இதே கதைதான். அமெரிக்கர்களின் காராண்ட் துப்பாக்கியில் எம்7 என்ற குண்டுவீசும் முனையை மாட்டினால், துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றுவது நின்றுபோகும். அதாவது குண்டு எறியத் தயாராகும் நேரத்தில் அவன் பாதித் துப்பாக்கிக்காரன். 'ஒருவன் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாது' என்ற இந்தச் சிக்கல் அடுத்த முப்பது வருடம் விடாமல் துரத்தியது.

இதற்கு வழி பிறந்தது போருக்குப் பிந்தைய அமெரிக்காவில். மூல யோசனை என்னவோ ஜெர்மானியர்களுடையது. போரின் கடைசிக் காலத்தில் டாங்கிகளை அடிக்க அவர்கள் செய்த ஒரு மெல்லிய பீரங்கியில் அது இருந்தது. 'உயர்-தாழ் அழுத்தம்' என்பார்கள். கேட்கப் பெரிய விஷயமாக இருக்கும். சமையலறையில் குக்கரைப் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் கடுமையாக இருக்கும். ஆனால் வெயிட் வழியாக வெளியே வரும் ஆவி உத்தரத்தைப் பெயர்ப்பதில்லை. சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. 40 மி.மீ. குண்டின் அடியில் இருக்கும் உறையிலும் அதே கதை. உள்ளே ஒரு சின்ன அறை. அதில் அரை கிராமுக்கும் குறைவான மருந்து. அது எரியும்போது அந்த அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு அழுத்தம். அந்த வாயு சின்னத் துளைகள் வழியாகச் சுற்றியுள்ள பெரிய அறைக்கு வரும்போது 3,000 பவுண்டாகத் தணிந்துவிடும். குண்டைத் தள்ளுவது இந்தத் தணிந்த அழுத்தம்தான்.

இதனால் என்ன லாபம்? குழாய் மெல்லியதாக இருக்கலாம். அலுமினியத்தில் கூடச் செய்யலாம். தோளில் உதைப்பு தாங்கும் அளவுக்குள் இருக்கும். 230 கிராம் குண்டு விநாடிக்கு 76 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 400 மீட்டர் வரை போகும். நல்ல ஃபாஸ்ட் பௌலர் போடும் பந்தைப் போல இரண்டு மடங்கு வேகம்கூட இல்லை. அதனால்தான் பகல் வெளிச்சத்தில் குண்டு பறந்து போவதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. இன்றைக்கு உலகத்தில் ஓடும் மேற்கத்திய வகைக் குழாய்கள் எல்லாம் இந்த உறையைச் சுற்றிக் கட்டியவைதான்.

இந்தக் குண்டுக்காக முதலில் வந்தது எம்79. 1960-இல் ஏற்கப்பட்டது. பார்க்க, குட்டையாக வெட்டிய வேட்டைத் துப்பாக்கி மாதிரி இருக்கும்; நடுவில் மடக்கித் திறந்து, ஒரு குண்டு போட்டு, மூடிச் சுட வேண்டும். வியட்நாமில் சிப்பாய்கள் அதன் சத்தத்தை வைத்தே 'புளூப்பர்' என்று பெயர் வைத்தார்கள். பழகிய கை என்றால் 150 மீட்டரில் ஒரு ஜன்னலுக்குள் போடலாம். மூன்றரை லட்சம் அளவுக்குத் தயாரானது என்பதிலிருந்தே அதன் மவுசு புரியும்.

ஆனால் எம்79 வைத்திருப்பவனிடம் ரைஃபிள் இல்லை. இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி, அவ்வளவுதான். வியட்நாம் காட்டில் எதிரி பல சமயம் பத்து மீட்டரில் முளைப்பான். எம்79 குண்டோ 14 மீட்டர் தாண்டுவதற்கு முன் வெடிக்காது. சுடுபவனே செத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆக, ஒரே ஒரு குண்டு, அதுவும் வெடிக்காத தூரம், கையில் ரைஃபிளும் கிடையாது. இதைச் சரிக்கட்ட 20 சிறு உருண்டைகள் கொண்ட வேட்டைத் தோட்டா மாதிரி ஒன்றை இதே 40 மி.மீ. அளவில் செய்து கொடுத்தார்கள். உதவியதுதான். ஆனால் பத்துப் பேர் கொண்ட அணியில் ரைஃபிள் இல்லாதவன் இருவர் என்றால் அந்தக் கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

அப்போதுதான் 'குழாயை ரைஃபிளுக்கு அடியிலேயே கட்டிவிட்டால் என்ன' என்று இறங்கினார்கள். கோல்ட் கம்பெனியின் எக்ஸ்எம்148 முதலில் வந்தது. 1967-இல் வியட்நாம் போனது, அதே ஆண்டில் அதற்கு மங்களம் பாடியாகிவிட்டது. காரணம் சிரிக்கவும் வைக்கும், பயமுறுத்தவும் செய்யும். ரைஃபிள் விசையில் இருக்கும் விரலுக்கு எட்ட வேண்டும் என்று குழாயின் விசையை ஒரு நீளக் கம்பியாக வெளியே பக்கவாட்டில் விட்டிருந்தார்கள். காட்டில் போகும்போது கொடியோ கிளையோ அந்தக் கம்பியில் மாட்டினால் குண்டு கிளம்பிவிடும். முன்னால் நடந்து போகும் நண்பன் கதி? பிறகு ராணுவம் போட்டி வைத்து, ஏஏஐ என்ற கம்பெனியின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அதுதான் எம்203. 1969-இல் வியட்நாமில் சில நூறு சோதிக்கப்பட்டன. 1971 முதல் கோல்ட் கம்பெனி செய்து தள்ளியது. குழாயை முன்னால் இழுத்தால் திறக்கும், குண்டு போட்டுப் பின்னால் தள்ளினால் மூடும். எடை ஒன்றரை கிலோவுக்கும் கீழே. ஒருவன் இரண்டு வேலை பார்க்க முடிந்தது.

சோவியத் பக்கம் 1978-இல் வந்த ஜி.பி.-25 இன்னும் எளிது. அதில் உறையே கிடையாது. தள்ளும் மருந்தும் குண்டுக்குள்ளேயே இருக்கிறது. குழாயின் வாயில் குண்டைச் செருகி 'கிளிக்' என்று அழுத்தினால் முடிந்தது. சுட்ட பின் எடுத்துப் போட வெற்று உறையும் இல்லை. ஆப்கானிஸ்தான் மலைகளில், பாறைக்குப் பின்னால் இருப்பவர்களை அடிக்க அது வாட்டமாக இருந்தது.

இதெல்லாம் வெற்றிக் கதை மாதிரி இருக்கிறது. ஒரு அளவில் உண்மைதான். எம்203 வந்த பிறகும் எம்79-ஐ விடமாட்டேன் என்று கட்டிக்கொண்டவர்கள் உண்டு. நீளக் குழல், நல்ல குறி. 2003-க்குப் பிந்தைய ஈராக்கில் கூட அது சில அமெரிக்கர்கள் கையில் காணப்பட்டது. 2009-இல் வந்த எம்320-ஐ ரைஃபிளில் மாட்டாமல் தனிக் கட்டையோடு தனியாகத் தூக்கிப் போகிறவர்கள் ஏராளம். ரைஃபிளின் முன்பக்கம் கனத்தால் குறி ஆடும் என்பது அவர்கள் வாதம். ஆக, அறுபது வருடம் ஒட்டவைக்கப் பாடுபட்டு, கடைசியில் கழற்றிக் கையில் பிடிக்கிறார்கள். ஜப்பானோ இன்னமும் துப்பாக்கி முனையில் மாட்டிச் சுடும் பழைய பாணிக் குண்டையே, புது வடிவில், வைத்திருக்கிறது. குழாயைப் பற்றிய வாதம் எந்தக் காலத்திலும் தீராது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

தீராத இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் விடக்கூடாது.

தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் என்ன நடக்கும்? சிவப்புக் காகிதக் குப்பைக்குள் பொடிசுகள் குனிந்து கிளறிக்கொண்டிருக்கும். வெடிக்காமல் போன பட்டாசு கிடைத்தால் கொண்டாட்டம். பிரித்து மருந்தைக் கொட்டிப் பற்றவைக்கலாம். அம்மாக்கள் வாசலில் நின்று கத்துவார்கள். விரல் சுட்டுக்கொண்ட கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கும். இப்போது அந்தப் பட்டாசின் இடத்தில், பொன்னிற மூக்கோடு, உள்ளங்கையில் அடங்குகிற, அலுமினியத்தில் பளபளக்கிற ஒன்றை வைத்துப் பாருங்கள்.

வடக்கு, தெற்கு வியட்நாம்களின் எல்லையை ஒட்டியிருந்த மாகாணம் குவாங் ட்ரி. போர் முடிந்தது 1975-இல். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அங்கே இன்னமும் குண்டு அகற்றும் குழுக்கள் வேலை செய்கின்றன. விமானங்கள் கொட்டிய கொத்துக் குண்டுகளோடு அவர்கள் அடிக்கடி சந்திப்பது இந்த 40 மி.மீ. குண்டுகளைத்தான். விவசாயியின் மண்வெட்டியில் தட்டுப்படும். பழைய இரும்பு பொறுக்கி விற்கிறவர்கள் கையில் சிக்கும். சிறு பையன்கள் கண்ணில் படும். பக்கத்து லாவோஸிலும் இதே நிலை.

அது ஏன் இவ்வளவு அபாயம் என்பதைப் புரிந்துகொள்ள ஃபியூஸுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். குண்டு குழாயிலிருந்து கிளம்பும்போது நிமிடத்துக்கு 3,700 சுற்று வேகத்தில் சுழல்கிறது. அந்தச் சுழற்சியும் கிளம்பும்போது கிடைக்கும் உதையும் சேர்ந்து உள்ளே இருக்கும் பூட்டுகளைக் கழற்றுகின்றன. 14 முதல் 27 மீட்டருக்குள் எல்லாப் பூட்டும் கழன்று, குண்டு 'தயார்' ஆகிவிடும். அதன் பிறகு மூக்கு எதிலாவது கடினமாக மோதினால் வெடிக்கும். இங்கேதான் சனியன். மோதியது சேறாக இருந்தால்? வயல் தண்ணீராக இருந்தால்? அடர்ந்த இலைகளுக்குள் வேகம் குறைந்து, சாய்வாக வழுக்கி விழுந்தால்? வெடிக்காது. கழன்ற பூட்டு மறுபடி மாட்டிக்கொள்ளவும் செய்யாது. ஊசியும் மருந்தும் எதிரெதிரே நிற்க, இன்னொரு தட்டலுக்காக அது காத்துக்கொண்டிருக்கும். கண்ணிவெடி புதைக்க ஒருவன் உட்கார்ந்து குழி தோண்ட வேண்டும். இதை யாரும் புதைக்கவே இல்லை, அதுவாகப் புதைந்தது. வியட்நாம் என்பது சேறும் வயலும் காடும் சேர்ந்த நாடு என்பதைச் சொல்லவா வேண்டும்?

கொத்துக் குண்டுகளுக்கு 2008-இல் ஒரு தடை உடன்படிக்கை வந்தது. கண்ணிவெடிக்கு 1997-இலேயே வந்துவிட்டது. 40 மி.மீ. குண்டு இரண்டிலும் வராது. ஒற்றைக் குண்டு, ஒருவன் குறிபார்த்துச் சுடுவது, ஆகவே 'யோக்கியமான' ஆயுதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டுக்குள்ளிருந்து சுடுகிறார்கள் என்றால், இந்தக் குழாய் இல்லாத அணி என்ன செய்யும்? பீரங்கியைக் கூப்பிடும், இல்லை விமானத்தைக் கூப்பிடும். தெருவே போகும். சில மீட்டர் சுற்றளவில் அடிக்கிற ஒரு சின்னக் குண்டு அதைவிட எவ்வளவோ மேல். அதனால் இந்த ஆயுதமே கூடாது என்று யாராவது சொன்னால் அது விவரம் தெரியாத பேச்சு.

கேட்க வேண்டியது வேறு. வெடிக்கத் தவறிய குண்டு தானாகவே அழிந்துபோகும்படி ஏன் செய்யக்கூடாது?

செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் செய்துவிட்டார்கள், அதுவும் சோவியத் யூனியனில், எழுபதுகளிலேயே! ஜி.பி.-25-இன் குண்டுக்குள் ஒரு மெதுவாக எரியும் மருந்துத் திரி இருக்கிறது. சுடும்போதே அது பற்றிக்கொள்ளும். தரையில் மோதி வெடித்தால் சரி; வெடிக்கவில்லை என்றால் சுட்டதிலிருந்து 14 விநாடிக்கு மேல் போனதும் தானே வெடித்து அழியும். கம்ப்யூட்டர் இல்லை, பேட்டரி இல்லை. நம்ம ஊர் சரவெடித் திரிக்கு இருக்கும் புத்திதான். அமெரிக்கர்களின் எம்406 குண்டில் அது இல்லை. அதற்குப் பின் வந்த, ஐந்து சென்டிமீட்டர் இரும்பைத் துளைக்கும் எம்433-இலும் இல்லை. மனித உரிமை பற்றி உலகத்துக்கு வகுப்பெடுத்த நாட்டின் குண்டு காத்திருக்கிறது. எடுக்காத நாட்டின் குண்டு பதினாலு விநாடியில் கணக்கை முடித்துக்கொள்கிறது. (கிரெம்ளினுக்குக் கருணை பொங்கியது என்று அர்த்தம் இல்லை. ஆப்கானிஸ்தானில் அவர்கள் தூவிய கண்ணிகள் எத்தனை குழந்தைகளின் கையைப் பறித்தன என்பது உலகம் அறிந்த கதை.)

எதிர்ப்பக்க வாதங்களையும் பார்க்கலாம். செலவு கூடும் என்பது ஒன்று. கூடும்தான். ஆனால் இதே ராணுவங்கள் எதற்கெல்லாம் செலவழித்தன என்று பாருங்கள். அமெரிக்கா எக்ஸ்எம்25 என்று ஒன்றைச் செய்தது. 25 மி.மீ. குண்டு. லேசர் தூரம் அளந்து குண்டுக்குள் இருக்கும் சில்லுவுக்குச் சொல்லும்; சுவரைத் தாண்டியதும் காற்றிலேயே வெடிக்கும். 2010-இல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். 2013-இல் பயிற்சியின்போது கோளாறாகிச் சுட்டவருக்கே காயம். 2018-இல் கடையை மூடினார்கள். தென்கொரியாவும் கே11 என்று அதே பாதையில் போய் 2019-இல் கைவிட்டது. எங்கே வெடிக்க வேண்டும் என்று குண்டுக்குச் சொல்ல சில்லு வைக்கக் காசு இருந்தது. வெடிக்காவிட்டால் அழிந்துபோ என்று சொல்ல ஒரு திரி வைக்கக் காசில்லை என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது?

இரண்டாவது வாதம் கனமானது. தானே அழியும் ஃபியூஸும் தவறும். 2006 லெபனான் போரில் இஸ்ரேல் போட்ட எம்85 சிறுகுண்டுகளில் அந்த வசதி இருந்தது. நூற்றுக்கு ஒன்றுதான் தவறும் என்று சொல்லப்பட்டது. 2007-இல் நார்வே மக்கள் உதவி அமைப்பின் வெளியீடாக வந்த ஆய்வு, களத்தில் அது பத்து சதவீத அளவுக்கு இருந்ததைக் காட்டியது. சோதனைத் திடலில் கெட்டித் தரையில் பாஸ் ஆவது வேறு, நிஜ நிலத்தில் விழுவது வேறு. ஆகவே இந்த வசதி மந்திரக்கோல் இல்லை. ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காக அந்த வசதியே வேண்டாம் என்பது, ஹெல்மெட் போட்டவனும் சாகிறானே, அதனால் ஹெல்மெட்டே வேண்டாம் என்கிற மாதிரி. கேட்க வேண்டியது ஃபியூஸ் மட்டுமல்ல. சேற்றில், தண்ணீரில், புதருக்குள் சுட்டுப் பார்த்த சோதனைக் கணக்கையும் கேட்க வேண்டும்.

உக்ரைனில் இதற்கு இன்னொரு திருப்பம் வந்திருக்கிறது. அங்கே இந்தக் குண்டுகள் குழாயைவிட்டே வெளியேறிவிட்டன. டிரோன்களில் கட்டி மேலிருந்து கீழே போடுகிறார்கள். குழாய்ச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: குழாய் போய்விட்டது, குண்டு இருக்கிறது. ஆனால் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் உதை இல்லாமல் போட்டால் ஃபியூஸின் பூட்டுகள் கழலாது. அதனால் ஃபியூஸைப் பிரித்து மாற்றியமைத்துத்தான் போடுகிறார்கள். அந்தப் பதினாலு விநாடித் திரி பற்றுவதும் அதே உதையில்தான். பட்டறை மேஜையில் கையால் திருத்திய ஃபியூஸ் எத்தனை வெடிக்காமல் அந்தக் கோதுமை வயல்களில் கிடக்கப் போகிறது என்பது இனிமேல் உழப் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவு தூரம் வியட்நாம், உக்ரைன் என்று சுற்றிவிட்டு ஊருக்கு வராமல் இருக்க முடியாது. திருச்சிக்காரர்கள் 'துப்பாக்கி ஃபேக்டரி' என்று சொல்லும், 1966-இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை நவல்பட்டில் இருக்கிறது. இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளுக்கு அடியிலும் ஏகே-47க்கு அடியிலும் மாட்டும் 40 மி.மீ. லாஞ்சர் அங்கேதான் செய்யப்படுகிறது. வடிவமைத்தது புனேயில் இருக்கும் டிஆர்டிஓ ஆய்வகம். 2021-இல் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு அரசு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அப்போது திருச்சி ஆயுதம் செய்யும் கம்பெனியின் கீழ் போனது. வெடிமருந்தும் குண்டும் செய்யும் ஆலைகள் 'மியூனிஷன்ஸ் இந்தியா' என்ற வேறொரு கம்பெனியின் கீழ் போயின. ஆக, குழாய்க்கு ஒரு முதலாளி, குண்டுக்கு இன்னொரு முதலாளி.

போருக்குப் பின் எஞ்சும் வெடிபொருள்கள் பற்றி 2003-இல் ஐ.நா.வின் மரபு ஆயுத உடன்படிக்கையில் ஐந்தாம் நெறிமுறை என்று ஒன்று சேர்க்கப்பட்டது. 2006-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் உறுப்பு நாடு. குண்டு தயாரிக்கும்போதே வெடிக்காமல் போவதைக் குறைக்க வேண்டும் என்று அது ஊக்குவிக்கிறது. ஊக்குவிக்கிறது, அவ்வளவுதான், கட்டாயம் இல்லை. கட்டாயமாக்குவது வாங்குகிறவன் கையில் இருக்கிறது. தூரம் எவ்வளவு, எடை எவ்வளவு, எத்தனை மீட்டரில் தயாராக வேண்டும் என்று பத்துப் பக்கம் எழுதும் டெண்டரில், ஈர நிலத்தில் நூற்றுக்கு எத்தனை வரை வெடிக்காமல் போகலாம் என்ற எண்ணும், தவறினால் எத்தனை விநாடியில் தானே அழிய வேண்டும் என்ற எண்ணும் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். எல்லையோர மலைக் கிராமங்களில் ஆடு மேய்க்கிறவர்களும் இந்த நாட்டின் குடிமக்கள்தானே. அந்த இரண்டு எண்களை நவல்பட்டில் போய்க் கேட்டுப் பயனில்லை. புனேயில் இருக்கும் குண்டுக் கம்பெனியிடமும், டில்லியில் உட்கார்ந்து டெண்டர் எழுதுகிறவர்களிடமும் கேட்க வேண்டும்.